பின்பக்கம் தாழும் கார்

ஐந்து பேர் ஏறி, டிக்கி நிறையப் பெட்டிகளும் வைத்தால் சின்ன காரின் பின்பக்கம் தாழ்ந்துவிடும். வேகத்தடையில் அடி தட்டும். உடனே பலர் காயில் ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் பஃபரைச் செருகிவிடுகிறார்கள். கார் நிமிர்ந்து நிற்கும். ஆனால் அங்கே மாறியது உயரம் மட்டுமல்ல.

சுற்று குறையக் குறைய ஸ்பிரிங் விறைக்கும். வேலை செய்யும் ஆறு சுற்றுகளில் ஒன்றை ரப்பர் முழுதாக முடக்கிவிட்டால் விறைப்பு 20 சதவீதம் ஏறும். ஷாக் அப்சார்பரோ பழைய விறைப்புக்கு அமைத்தது. அதனால் பின்னால் ஆளில்லாமல் ஓட்டும்போது பின்பக்கம் குதிக்கிறது.

இதைவிடச் சுவையானது பின் அச்சு. ஸ்விஃப்ட், ஐ20 போன்ற கார்களில் பின்சக்கரங்களைத் தாங்கும் இரண்டு கைகளையும் குறுக்கே ஓர் எஃகு பீம் இணைக்கிறது. பல கார்களில் அது ஒருபுறம் திறந்த வடிவம். அட்டைக் குழாய் ஒன்றை நீளவாக்கில் கீறிவிட்டு முறுக்கிப் பாருங்கள்: சட்டென்று முறுகும், ஆனால் வளைக்கப் பார்த்தால் அடம்பிடிக்கும். பீமும் அப்படித்தான். இரு சக்கரமும் சேர்ந்து மேட்டில் ஏறினால் அது சும்மா இருக்கும். ஒன்று மட்டும் ஏறினாலோ, வளைவில் கார் சாய்ந்தாலோ முறுகிக்கொண்டே எதிர்த்து நிற்கும். ஒரே ஓர் இரும்புத் துண்டு அச்சாகவும் சாய்வைத் தடுக்கும் கம்பியாகவும் வேலை பார்ப்பது எனக்கு இன்னும் வியப்புதான்.

1974இல் வந்த ஃபோக்ஸ்வேகன் கோல்ஃபில் இந்த அமைப்பு இருந்தது. 1976இல் அதன் ஜிடிஐ வகைக்குப் பின்பக்கமும் சாய்வுத் தடுப்புக் கம்பி சேர்த்தார்கள். எஞ்சின் பாரம் முன்னால் இருக்கும் கார் வேகமாகத் திரும்பினால் முன் டயர்தான் முதலில் பிடி விடும். பின்பக்கத்தை விறைப்பாக்கினால் சாய்வின் சுமையில் கூடுதல் பங்கைப் பின் டயர் ஏற்கும். முன் டயருக்குப் பிடி மிஞ்சும். கடும் வளைவில் அந்தக் காரின் உட்பக்கப் பின்சக்கரம் தரையைவிட்டுத் தூக்கிக்கொள்வது இதனால்தான்.

ரப்பர் பஃபரும் அதே வேலையை, கணக்குப் பார்க்காமல் செய்கிறது. மழைச்சாலையில் வளைவின் நடுவே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால் பாரம் முன்னால் சாயும். லேசான பின்பக்கம் வழுக்கப் பார்க்கும். ஓட்டுபவர் எதிர்பார்க்காத இடத்தில் அது நடக்கும் என்பதே என் கவலை.

கார் தாழ்கிறதென்றால் முதலில் அதைக் காலியாக, சமதரையில் நிறுத்தி, இருபுறமும் பின்சக்கர வளைவின் உயரத்தை அளந்து பாருங்கள். காலியாக இருக்கும்போதே தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். கம்பெனி அளவில் ஜோடியாக மாற்றுங்கள். ஷாக்கில் எண்ணெய் கசிகிறதா என்று அப்போதே பார்த்துவிடலாம். கதவோரத் தாளில் முழுச் சுமைக்கெனத் தனிக் காற்றழுத்தம் போட்டிருந்தால், ஊருக்குக் கிளம்புமுன் பின் டயரில் அதை வையுங்கள்.