உங்களுக்குத் தெரியுமா? நரம்பு முனையின் கல்சியம் வாயில்கள்

இறக்காமம் போன்ற நெல்வயல் ஊர்களை உள்ளடக்கிய இலங்கையின் உலர் வலயத்தில், இரவில் தரையில் பாய் விரித்து உறங்குவோரைப் பெரும்பாலும் வலி தெரியாமலே கடிக்கும் கண்டங்கருவளைப் பாம்பின் நஞ்சு, நரம்பும் தசையும் சந்திக்கும் நரம்பிணைப்பைத் தாக்குவதால் முதலில் கண்ணிமைகள் சரிந்து, பின்னர் மூச்சுத் தசைகள் ஓய்கின்றன.

நலமான இணைப்பில், மின்துடிப்பு நரம்பு முனையை எட்டியதும், அங்குள்ள சவ்வில் பதிந்த புரத வாயில்களான கல்சியம் கால்வாய்கள் கணப்பொழுது திறக்க, உட்பாயும் கல்சியம் அயனிகள் அசற்றைல்கோலின் என்னும் தூதுப்பொருளைச் சுமந்த நுண்பைகளை வெளியே கொட்டச் செய்கின்றன. உட்பாய்வு சிறிதே கூடினாலும் வெளியீடு பன்மடங்கு உயரும் என்பதால், சமிக்ஞையின் அளவைத் திருத்த இதைவிடப் பொருத்தமான இடம் நரம்பு முனையில் அரிது.

கண்டங்கருவளைக்கு உறவான, தாய்வானில் வாழும் பாம்பொன்றின் நஞ்சிலிருந்து பிரித்த, தூதுப்பொருளை ஏற்கும் தசையின் ஏற்பிகளை அடைக்கும் அல்பா பங்கரோரொக்சினை எலிகளுக்குச் செலுத்தி 1992 இல் வெளியான ஆய்வில், ஏற்பிகள் குறைந்தபோது நரம்பு முனைகள் கூடுதல் தூதுப்பொருளை வெளியிட்டு இழப்பை ஈடுசெய்ய முனைந்தமை தெரிந்தது. 2006 இல் பழ ஈக்களில் குளவி நஞ்சொன்றால் ஏற்பிகள் அடைக்கப்பட்டபோது அந்த ஈடுசெய்தல் 10 நிமிடங்களுக்குள்ளேயே நிகழ்ந்தது. கல்சியம் கால்வாய் பழுதுபட்ட ஈக்களிலோ அது கைகூடவில்லை.

கண்டங்கருவளையின் நஞ்சு ஏற்பிகளோடு நில்லாமல் நரம்பு முனையையே சிதைப்பதால், ஈடுசெய்ய வேண்டிய உறுப்பே அங்கு பழுதாகிவிடுகிறது. ஆகவேதான் கடிபட்டவரை அறிகுறிக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருப்பதுடன், முனைகள் மீள வளரும்வரை சிலருக்குச் செயற்கைச் சுவாசமும் தேவைப்படுகிறது.