ஹவில்தார் பழனியின் இருபத்திரண்டு வருஷங்கள்

தொப்பம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் தெருவுக்கு இரண்டு பழனிகளாவது இருப்பார்கள். தண்டாயுதபாணியின் ஸ்தலம் அருகே இருக்கும்போது அதில் ஆச்சரியமில்லை. ஆனால் 2020-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் பத்திரிகைகள் எல்லாம் கொட்டை எழுத்தில் அச்சிட்ட பழனி இந்தப் பக்கத்தவர் அல்லர். ராமநாதபுரம் மாவட்டம் திருவாடானைத் தாலுகாவில், கண்மாயில் நீர் நின்றால்தான் வயலில் நெல் நிற்கும் என்னும்படியான பிரதேசத்தில், கடுக்கலூர் என்ற கிராமத்தைச் சேர்ந்தவர். லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் அவர் உயிர் நீத்த இரவைப் பற்றி எவ்வளவோ எழுதியாகிவிட்டது. அந்த ஓர் இரவுக்கு முன்னால் அவர் ராணுவத்தில் கழித்த 22 வருஷங்களைத்தான் யாரும் அதிகமாக நினைத்துப் பார்ப்பதில்லை.

பதினெட்டாவது வயதில் அவர் பட்டாளத்தில் சேர்ந்தார். வானம் பார்த்த பூமியில் பிறந்த பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு அழைத்துப் போவது தேசபக்தி மாத்திரம் அன்று. மழை பொய்த்தாலும் பொய்க்காமல் மாதந்தோறும் வீடு வந்து சேரும் சம்பளமும், கூடப் பிறந்தவர்களைக் கரையேற்ற வேண்டுமென்ற கவலையும் சேர்ந்தே அழைத்துப் போகின்றன. இதைச் சொல்வதால் அவர்களுடைய வீரம் குன்றிமணி அளவும் குறைந்துவிடாது. தொப்பம்பட்டியிலும் ஒட்டன்சத்திரத்திலும் ஆள் சேர்ப்பு முகாமை எண்ணி விடியுமுன் சாலையோரம் ஓடிப் பழகுகிற இளைஞர்களின் மனத்திலும் இவை கலந்தேதான் இருக்கின்றன. பழனியின் தம்பியும் அண்ணனைப் பின்பற்றி ராணுவத்தில் சேர்ந்தார்.

பழனி பீரங்கிப் படைக்காரர். 81-ஆவது பீல்டு ரெஜிமெண்டைச் சேர்ந்தவர். அந்தப் படையில் சாதாரணச் சிப்பாயைக் கன்னர் என்பார்கள்; அங்கிருந்து லான்ஸ் நாயக், நாயக் என்று படிப்படியாக ஏறி, சட்டைக் கையில் மூன்று பட்டை அணியும் ஹவில்தாராவதற்குள் வருஷங்கள் பல கடந்துவிடும். அதிகாரியின் உத்தரவுக்கும் ஜவானின் சிரமத்துக்கும் நடுவே நிற்கிறவர் ஹவில்தார். புதிதாக வந்த பையனுக்குப் பூட்ஸ் கடித்தாலும், அவன் வீட்டிலிருந்து துக்கச் செய்தி வந்தாலும், அவன் முதலில் போய் நிற்பது அவரிடம்தான். ஜவான்களுக்குப் பதினைந்து வருஷ சர்வீஸ் முடிந்தாலே பென்ஷன் பாத்தியதை உண்டாகிவிடும் என்பது அவர் சேர்ந்த காலத்து விதி. அதன் பிறகு மனுக் கொடுத்து ஊர் திரும்பி, மனைவியோடும் மகனோடும் மகளோடும் இருந்துவிட வழியிருந்தும், மேலும் ஏழு வருஷங்கள் அவர் சேவையிலேயே நின்றார். பின்னால் அவருக்குக் கிடைத்த பதக்கத்துக்கு முன்பே கௌரவிக்கத் தக்கவை அந்த ஏழு வருஷங்கள் என்பது என் அபிப்பிராயம்.

ஜவானுடைய குடும்ப வாழ்க்கை முழுவதும் லீவு நாட்களுக்குள் அடங்கியாக வேண்டும். காதுகுத்து, பள்ளிக்கூடச் சேர்க்கை, பெற்றோரின் வைத்தியம், கொத்தனாரின் கணக்கு ஆகிய யாவற்றையும் அந்தச் சில வாரங்களுக்குள் முடித்துவிட்டு அவர் ரயிலேறிவிடுவார். எஞ்சிய மாதங்களில் வீட்டுக்கு அவருடைய மனைவியே தகப்பனும் தாயும். அப்படித்தான் பழனியும் ராமநாதபுரத்தில் ஒரு வீடு கட்டினார். 2020 ஜூன் மாதத் தொடக்கத்தில் அதற்குக் கிருகப்பிரவேசம் நடந்தபோது, வீட்டுக்காரர் இல்லாமலே பால் காய்ச்ச வேண்டியதாயிற்று; அவர் எல்லையில் இருந்தார்.

அதே மாதம் 15-ஆம் தேதி இரவு, சுமார் 14,000 அடி உயரத்தில், கல்வான் நதிக்கரையில் சீனப் படையினரோடு மோதல் மூண்டது. எல்லைக் கோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இரு தரப்பாரும் சுடக்கூடாது என்பது 1996-ஆம் வருஷத்து உடன்படிக்கை. ஆகையால் உலகத்தின் மிகப் பெரிய சேனைகளில் இரண்டு, அந்த உறைபனிப் பிரதேசத்தில், கல்லாலும் ஆணி பதித்த தடியாலும் அடித்துக்கொண்டன. ஆயுள் முழுவதும் பீரங்கியோடு பழகிய ஒருவருக்கு, பீரங்கி வாய் திறக்க முடியாத இடத்தில் யுத்தம் வாய்த்ததை விதியின் விசித்திரம் என்றுதான் சொல்ல வேண்டும். கூரிய ஆயுதத்தால் தாக்கப்பட்ட பின்னரும், சகாக்களைக் காக்கும் பொருட்டு அவர் நின்ற இடத்தைவிட்டு அகலவில்லை. பீஹார் ரெஜிமெண்டின் 16-ஆவது பட்டாலியனுக்குத் தலைவரான கர்னல் சந்தோஷ் பாபு உட்பட இந்தியத் தரப்பில் 20 பேர் மாண்டார்கள். சீன எல்லையில் நடந்த மோதலில் நம் வீரர்கள் உயிரிழந்தது 1975-க்குப் பிறகு அதுவே முதல் தடவை. பழனிக்கு அப்போது வயது 40. மதுரை விமான நிலையம் வழியாக ஊர் வந்த அவருடைய உடல், 18-ஆம் தேதி கடுக்கலூர் மண்ணில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்யப்பட்டது.

2021-ஆம் வருஷத்துக் குடியரசு தினத்தையொட்டி அவருக்கு வீர் சக்ரா அறிவிக்கப்பட்டது. பரம்வீர் சக்ரா, மகாவீர் சக்ரா ஆகியவற்றுக்கு அடுத்த யுத்தகால விருது அது. வெள்ளியாலான வட்டப் பதக்கம், பாதி நீலமும் பாதி காவியுமான நாடா. அவ்வருஷம் நவம்பர் மாதத்தில் அப்போதைய ஜனாதிபதி ராம்நாத் கோவிந்திடமிருந்து அதைப் பெற்றுக்கொண்டவர் அவருடைய மனைவி.

இத்தகைய வீரர்களின் குடும்பங்களை நினைத்தே வருஷந்தோறும் டிசம்பர் 7-ஆம் தேதியை, 1949 முதல், படைவீரர் கொடிநாளாகக் கொண்டாடுகிறோம். அன்று சேரும் நிதி, போரில் கணவனை இழந்த பெண்களுக்கும், அங்கம் இழந்த வீரர்களுக்கும், முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கும் போய்ச் சேர்கிறது. பள்ளிக்கூடத்திலோ தாலுகா ஆபீசிலோ அந்தச் சின்னஞ்சிறு கொடியை யாரேனும் நம்மிடம் நீட்டும்போது, சில்லறை இல்லை என்று கையை விரிக்காமல் இருப்போமாக.