பல்லூடகம்: புகைப்படங்களைத் தானாக அடுக்குதலும் வெளியீட்டு வடிவத்தைத் தெரிவுசெய்தலும்



எழுத்து, ஒலி, விம்பம், அசைவூட்டம், வீடியோ ஆகிய பல்லூடகக் கூறுகளை நீங்கள் தனித்தனியே கற்றிருப்பீர்கள். இவை ஒன்றுசேரும் எளிய வேலை ஒன்று உண்டு. அது புகைப்படங்களைப் பாடலொன்றுடன் கோத்து வீடியோவாக ஆக்குவதாகும். இல்ல விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா, ஆசிரியரின் பிரியாவிடை என எந்த வைபவமானாலும் இந்த வேலை கணினி தெரிந்த மாணவரிடமே வந்து சேர்கிறது. ஆகவே இப்பாடத்தைப் பரீட்சைக்காக மட்டும் படிக்க வேண்டாம்.

முதலில் எனது அனுபவம் ஒன்றைக் கூறுகிறேன். 2006 ஆம் ஆண்டு நான் சாதாரண தர வகுப்பில் இருந்தபோது எங்கள் வகுப்பாசிரியை ஓய்வு பெற்றார். அவருடைய பழைய படங்களை வீடுவீடாகச் சேகரித்து, ஸ்கான் செய்து, விண்டோஸ் மூவி மேக்கர் மென்பொருளில் மூன்று இரவுகள் இருந்து தொகுத்தோம். "சேவ்" செய்து இறுவட்டில் பதிந்து பிரியாவிடை நாளன்று மண்டபத்துக்குக் கொண்டு சென்றோம். அங்கிருந்த கணினியில் அதைத் திறந்தபோது படங்கள் இருக்க வேண்டிய இடமெல்லாம் சிவப்பு நிறப் புள்ளடிகளே தெரிந்தன. ஆசிரியை மாலையுடன் முன்வரிசையில் காத்திருந்தார். சிறிது நேரத்தில் அடுத்த நிகழ்ச்சி அறிவிக்கப்பட்டது. பின்னர் அவருடைய வீட்டுக்குச் சென்று அந்த வீடியோவைக் காட்டினோம். ஆனால் மண்டபத்தில் கூடியிருந்த அவருடைய பழைய மாணவர்கள் அதைக் காணவில்லை.

நாம் விட்ட தவறு என்ன? அதிலிருந்தே பாடத்தைத் தொடங்குவோம்.

1. திட்டக் கோப்பும் வீடியோக் கோப்பும்

வீடியோத் தொகுப்பு மென்பொருளில் "சேவ்" செய்யும்போது கிடைப்பது திட்டக் கோப்பு ஆகும். அதனுள் படங்களோ பாடலோ இல்லை. "இந்தக் கோப்புறையிலுள்ள இந்தப் படத்தை 4 செக்கன் காட்டு, பின்னர் அடுத்த படத்துக்கு மாறு" என்பன போன்ற அறிவுறுத்தல்கள் மாத்திரமே உண்டு. சமையற் குறிப்பைக் கொண்டுபோய் விருந்தில் வைத்தால் யாருக்கும் பசி தீராது. அதுபோல, மூலப் படங்கள் இல்லாத வேறொரு கணினியில் திட்டக் கோப்பினால் பயனில்லை.

படங்களையும் பாடலையும் ஒன்றாக்கித் தனியான வீடியோக் கோப்பாக உருவாக்கும் செயலே வெளியீடு ஆகும். மென்பொருள்களில் இது "எக்ஸ்போர்ட்" அல்லது "ரெண்டர்" எனக் குறிக்கப்பட்டிருக்கும். அன்று நாம் செய்யாமல் விட்டது இதனைத்தான்.

2. படங்களைத் தானாக அடுக்குதல்

எண்பது படங்களை ஒவ்வொன்றாக இழுத்துக் காலக்கோட்டில் வைப்பது சலிப்பான வேலை. அனைத்துப் படங்களையும் ஒரே தடவையில் தெரிவுசெய்து மென்பொருளைக் கொண்டே அடுக்கச் செய்யலாம். அடோபி பிரீமியர் மென்பொருளில் இதற்கெனத் தனிக் கட்டளை உண்டு. இலவசமாகக் கிடைக்கும் கேடென்லைவ், ஷொட்கட், ஓப்பன்ஷொட் ஆகியவற்றிலும் பல படங்களை ஒன்றாகச் சேர்க்கும் வசதி உள்ளது. மூவி மேக்கரை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2017 சனவரியில் நிறுத்திவிட்டதால் மேற்கூறியவற்றில் ஒன்றைப் பழகுவது நல்லது.

மென்பொருள் அடுக்கும். ஆனால் தீர்மானிக்காது. பின்வரும் மூன்றையும் நீங்களே தீர்மானிக்க வேண்டும்.

(அ) வரிசை

மென்பொருள் பெரும்பாலும் கோப்புப் பெயரின்படியே படங்களை வரிசைப்படுத்தும். 1, 2, 3 எனப் பெயரிட்டால் போதும் என நினைக்கலாம். ஆனால் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடும் மென்பொருளில் வரிசை 1, 10, 11, 12, 2, 20 என அமையும். கோப்புறையில் சரியாகத் தெரிந்த வரிசை காலக்கோட்டில் குழம்புவது இதனாலேயே. 001, 002, 003 என எல்லாப் பெயர்களிலும் இலக்கங்களின் எண்ணிக்கையைச் சமமாக்கினால் இச்சிக்கல் தீரும்.

இரண்டு கமராக்களில் எடுத்த படங்களாயின் எடுத்த நேரத்தின்படி வரிசைப்படுத்தலாம். ஆனால் இரண்டு கமராக்களிலும் கடிகாரம் சரியாக இருந்ததா எனப் பார்க்க வேண்டும். ஒன்று ஒரு மணித்தியாலம் பிந்தியிருந்தால் பரிசு வழங்கிய பின்னர் ஓட்டம் தொடங்குவதாகப் படம் ஓடும்! ஸ்கான் செய்த பழைய படங்களில் பதிவாகியிருப்பது ஸ்கான் செய்த நேரமே. வாட்ஸ்அப்பில் சாதாரண முறையில் அனுப்பிய படங்களில் எடுத்த நேரம் பற்றிய தரவு நீங்கிவிடும். இத்தகைய படங்களுக்குக் கையால் இலக்கமிடுவதே வழி.

(ஆ) நேரம்

ஒவ்வொரு படமும் எத்தனை செக்கன் தெரிய வேண்டும்? பாடலின் நேரத்தைப் படங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் போதும் எனப் பலர் எண்ணுகின்றனர். உதாரணத்தைப் பாருங்கள்.

படங்கள் 80, பாடல் 4 நிமிடம், அதாவது 240 செக்கன்.
240 ÷ 80 = 3 செக்கன்.

ஒரு படம் மறைய அடுத்த படம் தோன்றும் நிலைமாற்றத்தைச் சேர்த்தால் இக்கணக்குப் பிழைத்துவிடும். 1 செக்கன் நிலைமாற்றத்தின்போது இரண்டு படங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுகின்றன. 80 படங்களுக்கிடையே 79 நிலைமாற்றங்கள் உள்ளன. ஆகவே,

மொத்த நேரம் = (படங்களின் எண்ணிக்கை × ஒரு படத்தின் நேரம்) − (நிலைமாற்றங்களின் எண்ணிக்கை × ஒரு நிலைமாற்றத்தின் நேரம்)

= (80 × 3) − (79 × 1) = 240 − 79 = 161 செக்கன்.

படங்கள் முடிந்த பின்னும் பாடல் 79 செக்கன் ஓடும். அந்நேரம் முழுவதும் திரை கறுப்பாக இருக்கும். ஒரு படத்துக்கு 4 செக்கன் கொடுத்துப் பாருங்கள்.

(80 × 4) − 79 = 320 − 79 = 241 செக்கன்.

பாடலுடன் ஒரு செக்கன் வித்தியாசமே உண்டு. இதனை இறுதிப் படத்தில் சரிசெய்யலாம்.

சில மென்பொருள்கள் நேரத்தைச் செக்கனில் அல்லாது சட்டகங்களில் கேட்கும். செக்கனுக்கு 25 சட்டகங்கள் எனின் 4 செக்கன் என்பது 100 சட்டகங்கள் ஆகும். இந்த நேரத்தைப் படங்களை உள்ளெடுப்பதற்கு முன்னரே அமைத்துக்கொள்ளுங்கள். பின்னர் மாற்றினால், ஏற்கெனவே சேர்த்த படங்களை அம்மாற்றம் பொதுவாகப் பாதிக்காது.

(இ) அளவு

இன்றைய திரைகள் பெரும்பாலும் 16:9 விகிதமுடையவை. கமராப் படங்கள் பல 4:3 விகிதமுடையவை. 4000 × 3000 படமூலங்கள் கொண்ட படத்தை 1920 × 1080 திரையில் வைக்க இரண்டு வழிகள் உண்டு.

• முழுப் படமும் தெரியுமாறு பொருத்துதல்: படம் 1440 × 1080 ஆகச் சுருங்கும். இருபுறமும் 240 படமூலங்கள் அகலமான கறுப்புப் பட்டைகள் தோன்றும்.

• திரை நிறையுமாறு பெருப்பித்தல்: படம் 1920 × 1440 ஆகும். மேலே 180, கீழே 180 படமூலங்கள் வெட்டப்படும். அதாவது படத்தின் உயரத்தில் 25 சதவீதம் இழக்கப்படும்.

வகுப்புக் குழுப் படமொன்றை எண்ணிப் பாருங்கள். மேலே வெட்டப்படுவது பின்வரிசையில் நிற்பவர்களின் தலைகள்! எண்பது படங்களுக்கும் ஒரே கட்டளையைக் கொடுத்துவிட்டு எழுந்து போகக்கூடாது என்பது இதனாலேயே. எல்லாப் படங்களையும் முதலில் முழுமையாகப் பொருத்துங்கள். பின்னர் வெட்டினாலும் கெடாத படங்களை மாத்திரம் பெருப்பியுங்கள். நிலைக்குத்தாக எடுத்த படங்களைப் பெருப்பிக்கவே வேண்டாம்.

3. வெளியீட்டு வடிவத்தைத் தெரிவுசெய்தல்

வெளியீட்டுப் பட்டியலில் எம்.பி.4, ஏ.வி.ஐ., எம்.ஓ.வி., எச்.264 எனப் பல பெயர்கள் வரும். இவை யாவும் ஒரே வகையினவல்ல. இங்கு இரண்டு எண்ணக்கருக்களைப் பிரித்தறிய வேண்டும்.

கொள்கலன்: வீடியோவையும் ஒலியையும் ஒன்றாக வைத்திருக்கும் கோப்பு வடிவம். உதாரணம்: எம்.பி.4, மைக்ரோசொப்ட் 1992 இல் அறிமுகப்படுத்திய ஏ.வி.ஐ., அப்பிளின் எம்.ஓ.வி.

கோடெக்: வீடியோவை அல்லது ஒலியைச் சுருக்கும், மீண்டும் விரிக்கும் முறை. உதாரணம்: எம்பெக்-2, எச்.264 (2003), எச்.265 (2013), ஒலிக்கு எம்.பி.3, ஏ.ஏ.சி.

கொள்கலன் சாப்பாட்டுப் பெட்டி எனின் கோடெக் உள்ளிருக்கும் உணவைச் சமைத்த முறையாகும். பெட்டி ஒன்றாக இருந்தாலும் உள்ளிருப்பது வேறுபடலாம். ஒரே எம்.பி.4 என்ற பெயருடைய இரண்டு கோப்புகளில் ஒன்று தொலைக்காட்சியில் ஓடி மற்றையது ஓடாதிருப்பதற்கு இதுவே காரணம்.

ஏன் சுருக்க வேண்டும்?

1920 × 1080 = 2,073,600 படமூலங்கள். ஒவ்வொன்றுக்கும் 3 பைற்று எனின் ஒரு சட்டகத்துக்கு 6,220,800 பைற்றுகள். செக்கனுக்கு 25 சட்டகங்களாக 240 செக்கனுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 37 கிகாபைற்று வரும். நான்கு நிமிட வீடியோவுக்கு இவ்வளவு இடம் ஒதுக்க முடியுமா? கோடெக் ஒரு சட்டகத்துக்கும் அடுத்த சட்டகத்துக்கும் இடையே மாறியவற்றை மாத்திரம் பதிவதன் மூலம் இதனைப் பெருமளவு குறைக்கிறது. அசையாத புகைப்படம் 4 செக்கன் நிற்கும்போது மாறுவது மிகக் குறைவு. எனவே படத்தொகுப்பு வீடியோக்கள் நன்றாகச் சுருங்கும்.

கோப்பின் பருமனைக் கணித்தல்

கோப்பின் பருமன் = பிற்று வீதம் × நேரம் ÷ 8

செக்கனுக்கு 8 மெகாபிற்று வீதம், 240 செக்கன் எனின்,
8 × 240 = 1920 மெகாபிற்று; 1920 ÷ 8 = 240 மெகாபைற்று.

வீதத்தை 2 மெகாபிற்றாகக் குறைத்தால் 60 மெகாபைற்று. கோப்புச் சிறிதாகும், தரமும் குறையும். 8 ஆல் வகுக்க மறப்பதே மாணவர் அதிகம் விடும் தவறு. பிற்று வேறு, பைற்று வேறு.

எங்கு காட்டப் போகிறீர்கள்?

வடிவத்தைத் தீர்மானிப்பது உங்கள் விருப்பமன்று. அதனை ஓட்டப்போகும் கருவியே தீர்மானிக்கிறது.

• கணினி, புரொஜெக்டர், புதிய தொலைக்காட்சி, கைபேசி, யூரியூப்: எம்.பி.4 கொள்கலன், எச்.264 வீடியோ, ஏ.ஏ.சி. ஒலி. எங்கு காட்டுவது எனத் தெரியாதபோதும் இதுவே பாதுகாப்பான தெரிவு.

• பழைய டி.வி.டி. கருவி: எம்பெக்-2, பால் முறைக்குரிய 720 × 576, செக்கனுக்கு 25 சட்டகங்கள். டி.வி.டி. வீடியோவாகவே பதிய வேண்டும். எம்.பி.4 கோப்பை இறுவட்டில் அப்படியே பதிந்தால் பல பழைய கருவிகள் அதனை ஏற்காது.

• இடத்தை மீதப்படுத்த: எச்.265. இது எச்.264 ஐ விட ஏறத்தாழ அரைவாசிப் பிற்று வீதத்தில் ஒத்த தரத்தைத் தரக்கூடியது. ஆனால் பழைய கணினிகளிலும் தொலைக்காட்சிகளிலும் ஓடாமற் போகலாம்.

• ஜிஃப்: ஒரு சட்டகத்தில் 256 நிறங்கள் மாத்திரமே, ஒலி இல்லை. பிரியாவிடை வீடியோவுக்குப் பொருந்தாது.

பென்ட்ரைவில் பதியும்போது இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஃபற்32 முறையில் வடிவமைத்த பென்ட்ரைவில் 4 கிகாபைற்று அல்லது அதற்கு மேற்பட்ட தனிக் கோப்பைப் பதிய முடியாது. இடம் மீதமிருந்தாலும் மறுக்கும். முழு விழாவையும் ஒரே கோப்பாக்குவோர் இதனால் கடைசி நேரத்தில் தடுமாறுவர்.

4. நினைவிற் கொள்க

• கோப்பின் பெயர் நீட்சியை ஏ.வி.ஐ. இலிருந்து எம்.பி.4 என மாற்றுவதால் வடிவம் மாறாது. பெட்டியின் மேல் ஒட்டிய பெயர் மட்டுமே மாறும்.
• சிறிய படத்தை உயர்ந்த பிரிதிறனில் வெளியிட்டால் தெளிவு கூடாது, கோப்பே பெருக்கும்.
• வெளியீட்டின் பின்னரும் திட்டக் கோப்பையும் மூலப் படங்களையும் அழிக்க வேண்டாம். திருத்தம் செய்ய அவை தேவை.
• வெளியிட்ட வீடியோவை முழுமையாக ஒருமுறை பாருங்கள். பின்னர் வைபவத்துக்கு முதல் நாளே அங்குள்ள கருவியில் ஓட்டிப் பாருங்கள்.

5. பயிற்சி வினாக்கள்

(1) 60 படங்கள் ஒவ்வொன்றும் 5 செக்கன் வீதம், 1 செக்கன் நிலைமாற்றங்களுடன் அடுக்கப்பட்டுள்ளன. மொத்த நேரம் யாது?

(2) செக்கனுக்கு 6 மெகாபிற்று வீதத்தில் வெளியிடப்படும் 5 நிமிட வீடியோவின் பருமன் யாது?

(3) மாணவி ஒருவர் திட்டக் கோப்பை மாத்திரம் பென்ட்ரைவில் எடுத்துச் சென்றார். பாடசாலைக் கணினியில் படங்கள் தோன்றவில்லை. காரணத்தையும் அவர் செய்திருக்க வேண்டியதையும் குறிப்பிடுக.

(4) கொள்கலன், கோடெக் ஆகியவற்றுக்கிடையிலான வேறுபாட்டை உதாரணத்துடன் தருக.

விடைகள்

(1) (60 × 5) − (59 × 1) = 241 செக்கன், அதாவது 4 நிமிடம் 1 செக்கன்.

(2) 6 × 300 ÷ 8 = 225 மெகாபைற்று.

(3) திட்டக் கோப்பில் அறிவுறுத்தல்கள் மாத்திரமே உண்டு. படங்கள் அவருடைய வீட்டுக் கணினியிலேயே உள்ளன. எம்.பி.4 போன்ற வடிவத்தில் வெளியீடு செய்து அக்கோப்பை எடுத்துச் சென்றிருக்க வேண்டும்.

(4) கொள்கலன் வீடியோவையும் ஒலியையும் ஒன்றாக வைத்திருக்கும் கோப்பு வடிவம் (எம்.பி.4). கோடெக் அவற்றைச் சுருக்கி விரிக்கும் முறை (எச்.264).

மாணவர்களே, கணக்குகளைப் பார்த்து எழுதாது நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள். இயலுமாயின் உங்கள் குடும்பப் படங்கள் பத்தினை எடுத்து ஒரு நிமிட வீடியோ தயாரித்துப் பழகுங்கள். உங்கள் பாடசாலையிலும் ஒருநாள் ஓர் ஆசிரியர் மாலையுடன் முன்வரிசையில் அமர்ந்திருப்பார். அன்று படம் ஓட வேண்டும்.