முடிச்சுக் கம்பளமும் அதன் நியாய விலையும்

கையால் முடிச்சிட்டு நெய்யப்படும் பாரசீகக் கம்பளத்தின் விலை விற்பவரின் பேச்சுத் திறனைப் பொறுத்தது என்று பலர் கருதினாலும், கம்பளத்தைப் புரட்டிப் போட்டால் அந்த விலைக்கான சான்றுகளில் பெரும்பகுதி பின்புறத்திலேயே தெரிந்துவிடும்.

தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூல்களை இரண்டிரண்டாகப் பிடித்துக் கம்பளி இழையால் முடிச்சிட்டு, ஒரு வரிசை முடிந்ததும் குறுக்கே ஊடை நூலைச் செலுத்தி இறுகத் தட்டுவதே இதன் நெசவு. பாவும் ஊடையும் மட்டுமே கொண்ட பவானி ஜமக்காளத்தில் இந்த முடிச்சு இல்லை. பத்து செ.மீ. சதுரத்துக்கு 2,500 முடிச்சுகள் வீதம், மூன்று மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் உள்ள கம்பளத்தில் 15 லட்சம் முடிச்சுகள் இருக்கும். ஒருவர் நாளுக்கு 8,000 முடிச்சுகள் இடுவதாகக் கொண்டாலும் அது ஆறு மாதத்துக்கு மேற்பட்ட உழைப்பாகும். புதிய கம்பளம் ஒன்று அந்தக் கூலிக்கும் கீழே விற்கப்பட்டால், நெய்தவருக்கு உரியது போய்ச் சேரவில்லை என்றோ, அது எந்திரத்தில் நெய்தது என்றோ, இரண்டு பாவு நூல்களுக்குப் பதிலாக நான்கைச் சேர்த்து முடிந்து உழைப்பைப் பாதியாக்கும் 'ஜுஃப்தி' முடிச்சு அதில் இடப்பட்டிருக்கிறது என்றோ ஐயுறலாம். ஜுஃப்தி இட்ட கம்பளம் விரைவில் தேயும். முன்பக்கத்தைப் பார்த்து அதைக் கண்டுபிடிப்பது கடினம்.

முடிச்சின் நெருக்கம் மட்டுமே விலையாகிவிடாது. நெருக்கம் குறைந்த பழைய கஷ்காய் நாடோடிக் கம்பளம், வண்ணத்தாலும் வடிவத்தாலும் நெருக்கமான புதிய கம்பளத்தை விஞ்சுவதுண்டு. சாயமும் கணக்கில் சேரும். எளிதில் வெளிறிய அனிலின் செயற்கைச் சாயங்கள் ஈரானின் கம்பளப் பெயரைக் கெடுத்ததால், 1882இல் நாசிருத்தீன் ஷா அவற்றின் இறக்குமதிக்கே தடை விதித்தார். இழைகளைப் பிரித்துப் பார்க்கும்போது அடியில் நிறம் அழுத்தமாகவும் நுனியில் வெளிறியும் இருந்தால், சாயம் ஒளியைத் தாங்கவில்லை என்று பொருள்.

பழுதுபார்த்த இடங்களை மறைப்பதே இத்தொழிலின் பழைய நோய் எனலாம். 1539-40ஆம் ஆண்டைத் தன் நெசவிலேயே தாங்கிய அர்தபில் கம்பளத்தை, ஆங்கில வடிவமைப்பாளர் வில்லியம் மோரிஸின் பரிந்துரையின் பேரில், லண்டன் அருங்காட்சியகம் ஒன்று 1893இல் 2,000 பவுண்டுக்கு வாங்கியது. அதன் சிதைந்த பகுதிகளைச் சரிசெய்ய இணைக் கம்பளம் ஒன்றிலிருந்து துண்டுகள் எடுக்கப்பட்டதும், கரையிழந்து சிறுத்த அந்த இணைக் கம்பளம் தனியே ஓர் அமெரிக்கருக்கு விற்கப்பட்டதும் பின்னரே உலகுக்குத் தெரிந்தன.