உங்களுக்குத் தெரியுமா? பனிக்குட நீரை வற்றவைக்கும் வலி மாத்திரை

ஏறத்தாழ 20 வாரத்துக்குப் பிறகு, பனிக்குட நீரில் பெரும்பகுதி கருவிலுள்ள குழந்தையின் சிறுநீர்தான். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக், நாப்ராக்ஸன் போன்ற வலி மாத்திரைகள் நஞ்சுக்கொடியைத் தாண்டிச் சென்று, குழந்தையின் சிறுநீரகத்துக்கு ரத்தம் சீராகப் பாய உதவும் புரோஸ்டாகிளாண்டினைக் குறைக்கின்றன. சிறுநீர் குறைய, பனிக்குட நீரும் வற்றுகிறது. சிலருக்கு இரண்டே நாளில் இப்படி நேர்ந்திருக்கிறது. மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் நீர் மீண்டும் ஊறிவிடும்.

இதனால்தான் 2020 அக்டோபரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், மருத்துவர் சொன்னாலொழிய 20 வாரம் முதலே இவற்றைத் தவிர்க்கச் சொன்னது. அதுவரை எச்சரிக்கை 30 வாரத்திலிருந்துதான். அப்போதைய கவலை வேறு: கருவில் நுரையீரலுக்குப் போகாமல் ரத்தம் கடந்து செல்ல இதயத்தருகே திறந்திருக்கும் நாளம், இம்மாத்திரைகளால் முன்கூட்டியே மூடிக்கொள்ளலாம். குறைமாதத்தில் பிறந்து, அந்த நாளம் மூடாமல் தவிக்கும் சிசுவுக்கோ அதே ஐபுப்ரோஃபென் சிகிச்சையாகிறது!

மாத்திரை அட்டையின் பின்புறத்தைப் படிப்பது அவசியம். பாராசிட்டமால் என்று நம்பி வாங்குவதில் ஐபுப்ரோஃபெனோ அசிக்ளோஃபினாக்கோ சேர்ந்திருப்பது இந்திய மருந்துக் கடைகளில் சர்வசாதாரணம்.

கர்ப்பகால ரத்த அழுத்தச் சிக்கலைத் தடுக்க மருத்துவர் எழுதித்தரும் குறைந்த அளவு ஆஸ்பிரின் மட்டும் விதிவிலக்கு. பயந்துபோய் அதைத் தானாக நிறுத்திவிடக் கூடாது.