தாத்தாவின் சவரக்கத்தியும் 17 டிகிரியும்

தாத்தாவோட அடப்பத்தைப் போன மாசம்தான் திறந்தேன். அடப்பம்னா சவரத் தொழிலாளி கையில் எடுத்துட்டுப் போற கருவிப் பை. 1964-ல் பர்மா அரசு கடைகளை நாட்டுடைமை ஆக்கின பிறகு கப்பலேறி வந்தவங்கள்ல தாத்தாவும் ஒருத்தர். ரங்கூன்ல இருந்து அவர் கொண்டுவந்த பொருள்கள்ல இப்ப மிச்சம் இருக்கறது இந்தப் பையும் உள்ளே இருக்கற மடக்குக் கத்தியும்தான். கத்தியின் வால் பகுதியில் 'சோலிங்கன்'னு பொறிச்சிருக்கு. ஜெர்மனியில் கத்திக்கே பேர் போன ஊர் அது.

சடையங்குப்பத்துல இரும்பு நிலைக்காது. ஒரு பக்கம் எண்ணூர் கழிமுகத்து உப்புக்காத்து, இன்னொரு பக்கம் கொசஸ்தலை ஆத்து வெள்ளம். 2015 டிசம்பர்ல டிரங்குப் பெட்டிக்குள்ளயும் தண்ணி போயிடுச்சு. கத்தி முழுக்க செந்துரு. "அதை ஏன் வெளிய எடுக்கறே"ன்னு அப்பா கேட்டார். தாத்தாவை ஊர்ல என்ன சொல்லிக் கூப்பிட்டாங்கன்னு கேட்டு வளர்ந்தவர் அவர். அந்தத் தொழிலுக்கே போகலை.

இந்த மாதிரிக் கத்தி கடைகள்ல இருந்து மறைஞ்சதுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தியாவுல எச்.ஐ.வி. முதல்ல கண்டுபிடிக்கப்பட்டது 1986-ல், சென்னையில எடுத்த ரத்த மாதிரிகள்லதான். அதுக்கப்புறம் நடந்த விழிப்புணர்வுப் பிரசாரத்துல, ஆளுக்கொரு புது பிளேடு போடணும்னு சலூன்கள்ல வலியுறுத்தினாங்க. அது சரியான மாற்றம்தான். அதனால முதல்லயே சொல்லிடறேன்: பழைய கத்தியைச் சரிபண்ணினா அது ஒருத்தர் முகத்துக்கு மட்டும்தான்.

சரி, வேலைக்கு வருவோம். முதல் சோதனை விரிசல். கூர் ஓரத்தை லென்ஸ் வெச்சுப் பாருங்க. முடி அளவு கீறல் உள்நோக்கிப் போயிருந்தாலும் அந்தக் கத்தியைப் பெட்டியிலயே வெச்சுடுங்க. துரு கன்னத்துப் பக்கம் இருந்தா பரவாயில்லை. கூர் ஓரத்துல குழி விழுந்திருந்தா, அந்தக் குழி தீர்ற வரைக்கும் இரும்பைத் தேய்ச்சாகணும்.

அடுத்தது துரு. மண்ணெண்ணெயில ஒரு ராத்திரி ஊறவிட்டு, 1000 நம்பர் எமரித் தாளை ஒரு கார்க்குல சுத்தி, முதுகுல இருந்து கூர் பக்கமா மட்டும் தேய்க்கணும். கூர் நெடுக ஓட்டினா விரல் போயிடும். கருப்புத் தழும்பு மிஞ்சும். இருக்கட்டும், சவரம் பண்றது தழும்பு இல்லையே.

சைக்கிள் சக்கரம் சுத்திச் சாணை பிடிக்கறவர்கிட்ட மட்டும் கொடுத்துடாதீங்க. அவர் கைவேலை அரிவாளுக்குச் சரி. இந்தக் கூர் காகிதத்தைவிட மெல்லிசு, சக்கரத்துல பட்ட நொடியில சூடாகிடும். எஃகு சுமார் 300 டிகிரி செல்சியஸைத் தொட்டா நீலமாகும். அப்படி நிறம் மாறின இடத்துல பதம் இறங்கிப்போச்சுன்னு அர்த்தம். அப்புறம் எத்தனை தீட்டினாலும் கூர் நிக்காது.

நான் தப்பு பண்ணப் பார்த்தது இதுக்கப்புறம்தான். என் கத்தி அடிப்பக்கம் 17 மில்லிமீட்டர் அகலம், நுனிப்பக்கம் 14. கோணலாத் தேய்ஞ்சிருக்கு. பார்க்க அழகா இருக்கட்டும்னு அடிப்பக்கத்தையும் ராவி நேராக்கிடலாம்னு நினைச்சேன். அதுக்கு முன்னாடி வெர்னியர் வெச்சு முதுகையும் அளந்தேன். அடியில 5 மில்லிமீட்டர், நுனியில 4.1.

கொஞ்ச நேரம் அந்த எண்களையே பார்த்துட்டிருந்தேன். சவரக்கத்தியைக் கல்லுல படுக்க வெக்கும்போது முதுகும் கூரும் ஒண்ணாத் தொடும். கோணத்தைக் கை தீர்மானிக்கறதில்லை. முதுகின் தடிமனுக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம்தான் தீர்மானிக்குது. 17-க்கு 5-ன்னா கிட்டத்தட்ட 17 டிகிரி. 14-க்கு 4.1-ன்னாலும் அதே 17 டிகிரி. எனக்குக் கோணலாத் தெரிஞ்சது, பல வருஷம் முதுகைத் தூக்காம, படுக்க வெச்சே தீட்டின கையோட தேய்மானம். அகலத்தை மட்டும் ராவியிருந்தா அடிப்பக்கம் மழுங்கின கோணமாயிருக்கும்.

அதனால வடிவத்தைத் தொடலை. கூர் ஓரத்துல மார்க்கர் மை தடவி, 1000 நம்பர் கல்லுல, கூர் முன்னால போற மாதிரி தள்ளினேன். நுனி வரைக்கும் மை முழுசா அழிஞ்சா கூர் முழுக்கக் கல்லைத் தொடுதுன்னு அர்த்தம். முழங்கை முடி தானா உதிர்ற வரைக்கும் அதே கல்தான். அவசரப்பட்டு மேல் நம்பருக்குப் போனா மழுங்கலை மெருகு போட்ட மாதிரி ஆகிடும். அப்புறம் 5000, 8000. கடைசியா தோல் வார்ல, இந்தத் தடவை முதுகு முன்னால போற மாதிரி, ஐம்பது இழுப்பு.

நான் வாரை ஜன்னல் கம்பியில மாட்டி இழுத்துட்டிருந்தப்ப அப்பா பின்னால வந்து நின்னார். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம் வாரோட நுனியை என் கையில இருந்து வாங்கி விறைப்பா இழுத்துப் பிடிச்சார்.

"தொய்வா விட்டா கூர் உருண்டுடும்டா. உங்க தாத்தா இதுக்கு என்னை அடிச்சிருக்காரு."