முன்பக்கச் சத்தம் எந்த உறுப்பிலிருந்து?

தார், ஜிம்னி போன்ற வண்டிகளில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுவிட்டு, காய்ந்த சாலையில் வளைத்தால் முன்பக்கம் முக்கும், இழுக்கும், ‘டங்’ என்று தட்டும். இது பழுதே அல்ல. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் ஓடுகின்றன. ஆகவே வேகமாகச் சுழல வேண்டும். இவற்றில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. இரண்டு அச்சுகளும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டிருப்பதால் ஷாஃப்டுகள் முறுக்கேறி, டயர் வழுக்கும்போது சட்டென விடுபடுகின்றன. மணலிலும் சேற்றிலும் டயர் தானே வழுக்கிக்கொள்ளும், தொல்லையில்லை.

மற்ற சத்தங்களைத்தான் தேட வேண்டும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெல்ல நகர்த்தும்போது ‘டக் டக்’ என்றால் பெரும்பாலும் சி.வி. ஜாயின்ட். ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் சிதறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வேகத்தோடு கூடும் உறுமல், இடப்பக்கம் வளைக்கையில் பலமானால் வலது சக்கர பேரிங்கைச் சந்தேகிக்கலாம். எடை அந்தப் பக்கம்தான் சாய்கிறது. (ஏறுமாறாகத் தேய்ந்த டயரும் இதே குரலில் ஏமாற்றும்!)

மண்பாதையில் நேராகப் போகும்போதும், நான்கு சக்கர இயக்கத்தில் மட்டும் கேட்டால், முன் புரொபெல்லர் ஷாஃப்டின் யுனிவர்சல் ஜாயின்ட் அல்லது முன் டிஃபரன்ஷியல். இன்ஜினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஷாஃப்டைக் கையால் திருகினால் ஜாயின்டின் ஆட்டம் தெரிந்துவிடும்.